தீனாள் பூசிய சேறு

ஆலயத்தைப் பெருக்குவது, பாய் விரிப்பது, மணியடிப்பது. தீனாள் அம்மையாருக்கு வாய்த்த ஊழியம் இவ்வளவுதான். கோயில்குட்டியாக, அதாவது ஆலயப் பணியாளராக, இருந்த கணவர் மறைந்தபின் அந்த மணிக்கயிறு அவர் கைக்கு வந்தது. கூடவே ஆலயத்தின் பின்னால் தங்குவதற்கு ஓடு வேய்ந்த ஓர் அறை. அதற்கு மேல் அவர் ஆண்டவரிடம் எதுவும் கேட்டதில்லை.

கோடை விடுமுறையில் சபையார் ஊருக்கு வெளியே, ரயில் பாதையோரம் இருந்த நரிக்குறவர் குடியிருப்புக்கு ஊழியப் பயணம் போவார்கள். ஒரு வாரம், தினமும் வேனில் போய் மாலையில் திரும்புவார்கள். இளைஞர்கள் கிட்டார் வாசிப்பார்கள். செயலர் ஜெயசிங் பிரசங்கம் செய்வார். தீனாள் அம்மையார் அடிகுழாயில் தண்ணீர் அடிப்பார், கஞ்சி காய்ச்சுவார், பிள்ளைகளைக் குளிப்பாட்டிப் பேன் சீப்பால் தலைவாருவார். எல்லாரும் பாடும்போது அவர் அண்டா தேய்த்துக்கொண்டிருப்பார்.

"சோப்பு அப்போஸ்தலர் வந்துட்டாங்கடே!" என்று இளைஞர்கள் சிரிப்பார்கள்.

"அப்போஸ்தலர்னு சொல்லிட்டீங்கள்ல, அது போதும்" என்று அவரும் சிரிப்பார்.

குளிப்பாட்டும்போது அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. பிள்ளையின் தலையில் முதல் செம்புத் தண்ணீரை ஊற்றியதும் வானத்தைப் பார்த்து, "ஆண்டவரே, இது ரோஜா", "ஆண்டவரே, இது சக்கரை" என்று பெயர் சொல்லி ஒப்படைப்பார்.

"எதுக்குக்கா பேரு சொல்ற? உன் சாமிக்குத் தெரியாதா?" என்று பாசி கோத்தபடியே ஒருநாள் கேட்டாள் ரோஜாவின் தாய் பொம்மி.

"அவருக்குத் தெரியும்ட்டி. எனக்குத் தெரியுதான்னு அவரு பாக்க வேண்டாமா?"

அந்த ஆண்டுப் பயணத்தின் கடைசி நாள். நன்கொடையாளர்களுக்கு அனுப்பும் மலரில் இரண்டு படங்கள் வேண்டுமென்று செயலர் புகைப்படக்காரரை வரச் சொல்லியிருந்தார். இடப்பக்கம் அழுக்குப் பிள்ளைகள். வலப்பக்கம் அதே பிள்ளைகள், ஊழியத்துக்குப் பின். ஆனால் கேமரா வந்து சேர்வதற்குள் பிள்ளைகள் குளித்து முடித்திருந்தார்கள். கடைசி நாளாயிற்றே என்று தாய்மார் டிரங்குப் பெட்டியைத் திறந்து திருவிழாத் துணி உடுத்தி, புதுப் பாசிமாலையும் போட்டுவிட்டிருந்தார்கள்.

செயலரின் முகம் சுருங்கியது. "உன்னை யாரு முந்திக்கிட்டுக் குளிப்பாட்டச் சொன்னது? இதைப் பார்த்தா யாருக்கு மனசு இரங்கும்?" என்று தீனாள் அம்மையாரிடம் சீறினார். பிறகு இளைஞர்களைப் பார்த்தார். "ஒரு வாளி சேறு கொண்டாங்கடே. ரெண்டு பிள்ளைக்கு லேசாப் பூசுங்க. படம் எடுத்ததும் கழுவிரலாம்."

பொம்மி எழுந்தாள். "ஏன் சாமி, எங்க புள்ள அழுக்கா இருந்தாத்தான் உங்க சாமிக்குப் புடிக்குமா?"

வாளி வந்தது. ரோஜாவுக்கும் வாளிக்கும் நடுவில் தீனாள் அம்மையார் போய் நின்றார்.

"ஐயா, ஒண்ணு கேக்கேன். இயேசு சாமி சீஷருங்க காலைக் கழுவுனாரே, கழுவுறதுக்கு முன்னால படம் எடுத்துக்கிட்டாரா?"

ஓர் இளைஞன் களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டான். செயலருக்கு ரத்தம் தலைக்கேறியது.

"எனக்கே பிரசங்கமா? விலகு. இல்லேன்னா நாளைக்கு மணியடிக்க வேற ஆள் வருவான்."

கயிறு போனால் அறையும் போகும், தெருதான் கதி. அம்மையார் அதை அறியாதவர் அல்லர். குனிந்து வாளிக்குள் இரண்டு கைகளையும் விட்டார். அள்ளிய சேற்றைத் தம் நெற்றியிலும் கன்னங்களிலும் வெள்ளைச் சேலையிலும் அப்பிக்கொண்டார். கேமராவுக்கு நேரே நிமிர்ந்து நின்றார்.

"அழுக்கு மூஞ்சிதான வேணும்? எடுங்கய்யா. நம்ம சபைக்காரி மூஞ்சி. கீழ பேரையும் போட்டுக்கோங்க."

புகைப்படக்காரர் கேமராவைத் தாழ்த்தினார். "என்னால முடியாது சார்" என்று பைக்குள் வைத்து மூடினார்.

"இந்தச் சேத்தோட வேன்ல ஏறக்கூடாது" என்றார் செயலர். எல்லாரையும் ஏற்றிக்கொண்டு வேன் புழுதி கிளப்பிப் போயிற்று.

அம்மையார் அழவில்லை. "ஆண்டவரே, கயிறு போச்சு. பிள்ளைங்க முகம் போகலை" என்று மட்டும் சொன்னார்.

ரோஜா அவர் கையைப் பிடித்து அடிகுழாய்க்கு இழுத்துப் போனாள். துவைகல்லில் உட்காரவைத்தாள். சக்கரை தொங்கித் தொங்கித் தண்ணீர் அடித்தான். ரோஜா குதிகாலை உயர்த்தி, முதல் செம்பைத் தலையில் ஊற்றி, வானத்தைப் பார்த்தாள்.

"ஆண்டவரே, இது தீனாக்கா."

எத்தனையோ பெயர்களை மேலே அனுப்பியவர் அவர். தம் பெயரை ஒருவர் அங்கே சொல்லக் கேட்டது அன்றுதான். அப்போதுதான் அவர் அழுதார்.

அந்த நொடியில், ஊர்ப் பக்கமிருந்து ஆலய மணி ஒலித்தது.

வேன் இன்னும் பாதிவழியைக்கூடத் தாண்டியிருக்காது. மணிக்கூண்டின் ஒரே சாவி அம்மையாரின் இடுப்பில் இருந்தது. அவர் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"நீ இங்க இருக்க. அங்க யாருக்கா அடிக்கிறது?" என்றாள் பொம்மி.

"கயிறுக்குச் சொந்தக்காரரு" என்றார் தீனாள் அம்மையார்.

எந்த மலரிலும் அச்சேறாத அந்தச் சேற்று முகத்தை ஆண்டவர் பெயர் சொல்லி அறிவார். அறிந்துகொண்ட நாமும் ஒருமுறை தலை தாழ்த்துவோம்.