மந்திரியின் முன்பல்

வெகு காலத்துக்கு முன்னாலே மருதஞ்சீமையை மகுடகண்டன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். ஆண்டார் என்றுதான் ஊரில் சொல்லிக்கொண்டார்கள், நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். ஒருநாள் அவர் உப்புச்சீடையைக் கடித்தார். சீடைக்கு ஒன்றும் ஆகவில்லை. ராஜாவுக்குத்தான் மேல்வரிசை முன்பல் ஒன்று வேரோடு வந்துவிட்டது, பக்கத்துப் பல்லும் பாதி உடைந்துபோயிற்று. 'புலிவேட்டையில் போன பல்' என்று மறுநாள் ஊரெல்லாம் தண்டோரா போட்டார்கள்.

இளவரசியைப் பெண் பார்க்க அடுத்த மாசம் சம்பந்திகள் வருவதாக இருந்தது. ராஜா வாயைத் திறந்தால் காற்றுதான் முதலில் வந்தது. மனுஷர் சிரிப்பதையே விட்டுவிட்டார்.

இதில் உள்ளுக்குள் குளிர்ந்துபோனவர் ஒருத்தர் உண்டு. அவர்தான் பூவணநாதர், அரண்மனை முதல்வாய்க்காரர். ராஜாவின் தாத்தாவுக்கு யாரோ பாயசத்தில் விஷம் வைத்த நாளிலிருந்து, ராஜா வாய்க்குள் போகிற எதுவும் முதலில் முதல்வாய்க்காரர் வாய்க்குள் போய் வரவேண்டும் என்று சட்டம். "நாட்டுக்காகத் தினமும் உயிரைப் பணயம் வைக்கிறேன்" என்று பூவணநாதர் சொல்லிக்கொள்வார். பணயம் வைத்த உடம்பு வாசலில் பக்கவாட்டாகத்தான் நுழையும். அவருக்கு ஒரே வயிற்றெரிச்சல், மந்திரி செங்கோடர். அந்த மனுஷர் பளிச்சென்று ஒரு சிரிப்புச் சிரித்தால் போதும், ராஜா கேட்டதையெல்லாம் கொடுத்துவிடுவார். அந்தச் சிரிப்பை ஒழிக்க இதைவிட நல்ல நேரம் வாய்க்குமா?

பல் வைத்தியர் சபையில் எழுந்து சொன்னார்: "உடைந்த பல்லுக்கு வேர் உறுதியாக இருக்கிறது மகாராஜா, தங்க உறை போட்டால் போதும். போன பல்லுக்குத்தான் யோசனை. தாடையெலும்பில் ஆணி இறக்கி அதன்மேல் பல் வைக்கலாம். நன்றாக நிற்கும். ஆனால் எலும்பு பிடிக்க மாசக்கணக்காகும், அதுவரை கஞ்சிதான்."

"கஞ்சியா!" என்று அலறினார் ராஜா. காற்று விசிலடித்தது.

"தந்தப் பல்லைப் பக்கத்துப் பற்களோடு பொன்கம்பியால் கட்டலாம். ஆனால் ஒரு பக்கத்தில் இருப்பதே அரைப்பல், சுமை தாங்காது. இல்லையென்றால் தந்தத்தில் செதுக்கி, கழற்றி மாட்டுகிற மாதிரி..."

"கழற்றி மாட்ட இதென்ன செருப்பா?" என்று குதித்தார் பூவணநாதர். "செத்த யானையின் கொம்பையா எங்கள் ராஜா வாயில் வைப்பது? உயிருள்ள பல் வேண்டும் ஐயா! மந்திரியார் பல்லைப் பாருங்கள், முத்து! பிடுங்கி அப்படியே ராஜா ஈறில் நட்டால் போயிற்று. ராஜவிசுவாசம் இருந்தால் மாட்டேன் என்பாரா?"

ராஜாவுக்குக் கண் மின்னியது. "என்ன மந்திரி, தருகிறீரா?"

பூவணநாதருக்கோ உள்ளங்கை அரித்தது. அழட்டும், கெஞ்சட்டும்!

"என் பாக்கியம்!" என்றார் செங்கோடர். "இப்போதே தருகிறேன். ஆனால் ராஜா வாய்க்குள் போகிற பொருளாயிற்றே? முதலில் முதல்வாய்க்காரர் வாயில் இருந்துவிட்டு வரவேண்டாமா?"

பூவணநாதர் சிரித்தார். "அதற்கென்ன, வாயில் போட்டுத் துப்பிவிடுகிறேன்."

"துப்புவதா? ராஜா வாயில் அது நட்டபடி அல்லவா இருக்கப் போகிறது! உமக்கும் அதே இடத்தில் ஈறில் நட்டு, விஷம் ஏறுகிறதா என்று ஒரு மாசம் பார்க்கவேண்டும். நடுவதற்கு இடம் வேண்டுமே? வைத்தியரே, இவருடைய முன்பல்லைப் பிடுங்கும்."

வைத்தியர் குறடை எடுத்தார். பூவணநாதர் சட்டென்று ராஜா பக்கம் திரும்பினார்.

"மகாராஜா! யோசித்துப் பார்த்தால் யானைத் தந்தம் மகா மங்களகரமானது!"

"அதையும் சோதிக்கவேண்டும். அதற்கும் இடம் வேண்டும்" என்றார் மந்திரி.

"ஆணி..."

"அதற்கும்தான். தாடையில் துளை போட்டு."

"ஐயோ, அந்த ஓட்டையே ராஜாவுக்கு எவ்வளவு அழகாக இருக்கிறது!" என்று ஊளையிட்டு, குறடு நெருங்கியதும் பூவணநாதர் தடாலென்று காலில் விழுந்தார். "எனக்கு முதல்வாய் உத்தியோகமே வேண்டாம் பிரபு! என் பல்லை விட்டுவிடுங்கள்!"

ராஜா முறைத்தார். "உம் பல் என்றால் வலிக்கும், மந்திரி பல் என்றால் முத்தா? சரி, உத்தியோகம் போயிற்று. அந்த வேலையையும் செங்கோடரே பார்க்கட்டும்."

"அப்படியானால் சோதனை முடிந்துவிட்டது மகாராஜா" என்று செங்கோடர் வாய்க்குள் விரலை விட்டார். பூவணநாதர் அத்தனை காலம் வயிறெரிந்து பார்த்த அந்த முத்துப்பல் கழன்று மந்திரியின் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. "தந்தம். குளத்துப்படியில் விழுந்ததிலிருந்து இதை மாட்டிக்கொண்டுதான் சிரிக்கிறேன், தின்கிறேன். ஒரு விஷமும் ஏறவில்லை."

ராஜா ஓட்டை தெரிய, காற்றுப் பறக்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எனக்கும் அதுவே ஒன்று செய்யும் வைத்தியரே! அரைப்பல்லுக்கு உறை போடும்!"

அடுத்த மாசம் சம்பந்தி விருந்தில் ராஜா பளபளவென்று சிரித்தார், கல்யாணமும் நிச்சயமாயிற்று. பூவணநாதருக்குப் பந்தியின் கடைசி இலை. லட்டு அங்கே வருவதற்குள் தீர்ந்துவிட்டது, வடையும் தீர்ந்துவிட்டது. முப்பத்திரண்டு பல்லும் பத்திரமாக இருக்க, பாவம், அவர் மோரைக் குடித்துவிட்டு எழுந்தார்.