உப்பு கரிக்கும் என்று யார் சொன்னது?

லிங்கதுரைக்கு அந்த ஆய்வேடு உயிர்ப் பிரச்சினை. போன வருஷம் ஒரு புத்தகத்தை அப்படியே காப்பியடித்துக் கொடுத்து வசமாக மாட்டிக்கொண்டவன். இந்தத் தடவையும் மாட்டினால் பட்டம் போச்சு. பட்டம் போனால் மாமா பெண்ணும் போச்சு. மாமா கறாரான ஆள்.

"அடுத்தவங்க சொன்னதை எழுதினா, யார் சொன்னதுன்னு கீழே போடணும். போடாட்டா அது திருட்டு" என்று பேராசிரியை சொல்லியிருந்தார். லிங்கதுரையும் அவன் கூட்டாளிகள் பிச்சக்கனியும் அருள்மேரியும் பயபக்தியோடு கேட்டுக்கொண்டார்கள். மூன்று பேரும் சேர்ந்து உப்பளங்களைப் பற்றி நூறு பக்கம் எழுத வேண்டும். மூளையையும் மூன்று பேரும் சேர்ந்துதான் வைத்திருந்தார்கள், பாவம்.

முதல் வரி, "உப்பு கரிக்கும்."

"இதை யாருல சொன்னா?" என்றான் பிச்சக்கனி.

"எங்க அத்தை. சின்னதுல நாக்குல வச்சுச் சொன்னாவ" என்றான் லிங்கதுரை.

"அத்தைக்கு யாரு சொன்னா?"

பஸ் பிடித்து ஆறுமுகநேரிக்குப் போய்க் கேட்டார்கள். அத்தைக்கு அவள் மாமியார் சொன்னாளாம். மாமியார் செத்து வருஷக்கணக்காகிறது. ஆதாரமில்லை என்று அந்த வரியை அடித்தார்கள்.

அருள்மேரி நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் எடுத்துவந்தாள். ஆசிரியர் பெயரைக் கீழே எழுதப் போனவள் திடுக்கிட்டு நிறுத்தினாள்.

"ஏலே, இந்தப் பேரு அவரு சொந்தமா யோசிச்சதா? அவுக அப்பா வச்சதுல்லா?"

"அப்போ அப்பா பேரையும் போடு" என்றான் பிச்சக்கனி.

"அப்பாவுக்குப் பேரு வச்சது தாத்தால்லா?"

கொள்ளுத்தாத்தா வரை போனதும் லிங்கதுரைக்கு வேர்த்துக் கொட்டியது. "ஐயையோ, ஒரு பரம்பரையையே திருடப் பாத்தோமே! எல்லாத்தையும் அடிங்க!"

அடித்தார்கள். அடித்ததையெல்லாம் விட்டுவிட்டு, மிச்சத்தைப் புதுத் தாளில் சுத்தமாகப் பிரதி எடுத்தார்கள். நூறு பக்கமும் பளிச்சென்று வந்தது. பைண்டு பண்ணி, பேராசிரியையின் மேசைமேல் வைத்துவிட்டு வந்தார்கள். "ஒரு எழுத்து திருடலைல!" என்று சொல்லும்போதே லிங்கதுரைக்குக் கண் கலங்கியது.

டீ குடிக்கப் போகிற வழியில் ஒரு பேப்பர் கடை. வாசலிலேயே கட்டுக்கட்டாக வெள்ளைத் தாள். லிங்கதுரை ஒன்றை உருவிப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான். மேடம் இதைப் பார்த்தால், இங்கிருந்துதான் நாம் காப்பியடித்தோம் என்பாரே! மாமாவின் முகம் கண்முன்னே வந்து நின்றது.

பாய்ந்துபோய்க் கடைக்காரர் சட்டையைப் பிடித்தான்.

"ஏன்வே, மூணு பேரு சோறு தண்ணியில்லாம உழைச்சது! நீர் நல்லாயிருப்பீரா? ஒரு வரிகூட மாத்தாம அப்படியே எடுத்து வச்சிருக்கீரே!"