ஏரி வராத வரவேற்பு

மூன்று நாளாக விடாத மழை. ஆலங்குறிச்சி ஏரிக்கரையில் தண்ணீர் கசியத் தொடங்கியது. ஏரியைக் காக்கும் நீர்க்கட்டி பெத்தான் மண்ணை வெட்டிப் போட்டு அடைத்துக்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்து, பட்டம் வாங்கித் திரும்பும் ஜமீன்தாரை வரவேற்க எல்லோரும் அரண்மனை வாசலுக்கு வரவேண்டும் என்று தண்டோரா போட்டார்கள். பெத்தான் போகவில்லை.

மறுநாள் கொட்டும் மழையிலேயே அவனை அரண்மனை வாசலுக்கு இழுத்து வந்தார்கள்.

"ஒரு நாளைக்கு அறுபது நாழிகைடா! அதுல எனக்குன்னு ஒரு நாழிகை ஒதுக்க முடியாதா?" என்று ஊர் முன்னால் உறுமினார் ஜமீன்தார்.

பெத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்: "வந்திருப்பேன் எசமான். நான் கிளம்பினா பின்னாலேயே ஏரியும் கிளம்பி வந்திருக்கும். அதுக்கு நேர் கீழே இருக்கிறது உங்க அரண்மனைதான்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

"திமிரா? பொழுது சாயுற வரை இங்கேயே நில்லு!"

"நிக்கிறேன் எசமான். ஆனா இப்போ கரையில ஆள் இல்லை."

ஜமீன்தாரின் முகம் வெளிறியது. "அப்போ இங்கே ஏண்டா நிக்கிறே? ஓடு! முதல்ல கரையைப் பாரு!"

"நேத்தும் அதைத்தான் பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு, கும்பிடாமலே நடந்தான் பெத்தான்.