ஒடெல்லா அம்மையார் பாடித் தேடிய கதை

அமெரிக்காவின் தெற்கே, ஜார்ஜியாவில், கறுப்பருக்கு ஒரு வாசல், வெள்ளையருக்கு ஒரு வாசல் என்றிருந்த காலம். பெல்வுட் என்ற சிற்றூரின் கோழி ஆலையில் இறகு பிடுங்கி வந்தார் ஒடெல்லா அம்மையார். பிடுங்கியதைக் குவித்திருந்தால் ஊருக்கு ஒரு மலையே முளைத்திருக்கும். கை இறகைப் பிடுங்கும். வாய் கர்த்தரைப் பாடும். அந்தக் குரலோ தகரத்தைத் தரையில் இழுத்தது போலிருக்கும். அவர் வாய் திறந்தால் செத்த கோழியும் எழுந்து ஓடும் என்பார்கள்.

அவருடைய சபையில் பாட்டுப் புத்தகம் கிடையாது. ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார். மற்றவர்கள் அதை இழுத்துப் பாடி முடிப்பார்கள். எடுத்த அடியை அந்தரத்தில் விடுவது அவர்களுக்குப் பெரும் பாவம். ஒடெல்லா எடுத்தால் மட்டும் போதகரே கைகூப்புவார்.

"ஆண்டவர் செவிடரில்லை சகோதரி. மெதுவா."

"அவருக்குத்தான் பாடுறேன் ஐயா, உங்களுக்கில்லை."

ஒரு கோடையில், சினிமா கொட்டகையில் வெள்ளையர் வாசலில் நின்று டிக்கெட் கேட்ட சிறுமிகளைப் போலீஸ் அள்ளிச் சென்றது. அவர்களில் ஒருத்தி அம்மையாரின் ஒரே மகள் லூரீன். வழக்கில்லை, எங்கே வைத்திருக்கிறார்கள் என்ற தகவலுமில்லை. "எவன்கூடயாவது ஓடியிருப்பா," என்று ஸ்டேஷனில் சிரித்தார்கள். ஆற்றில் ஏதோ மிதக்கிறது என்று யாரோ சொல்ல, ஓடினார். செத்த கன்றுக்குட்டி.

அதன்பின் பூட்டுத் தொங்கிய கட்டடம் ஒன்றையும் அவர் விடவில்லை. முன்னால் நின்று ஓர் அடி எடுப்பார், காத்திருப்பார், பதில் வராது, நடப்பார். செருப்புத் தேய்ந்து, பாதம் தேய்ந்து, ரோடும் தேய்ந்தது. வேலையும் போயிற்று. 'பிணமாகவாவது காட்டும் ஆண்டவரே' என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டுப் பாடினார்.

ஒரு நண்பகலில், காட்டோரத்தில் கம்பி போட்ட பழைய கட்டடம் ஒன்று தென்பட்டது. வாசலில் காவலாள்.

"எதுக்கு நிக்கிறே கிழவி?"

"கால் வலிக்குது துரை. ஒரு பாட்டுப் பாடிட்டுப் போயிடுறேன்."

"பாடு, பாடு. தவளைங்களாவது ஓடட்டும்."

சத்தம் போட்டால் தண்ணீர் கிடையாது என்று உள்ளே உத்தரவு. அவனுக்கு அந்த உத்தரவுதான் தெரியும். சபை வழக்கம் தெரியாது.

"இருளில் கிடப்போரை அறிந்தவரே…" என்று எடுத்தார் அம்மையார். பதில் இல்லை. மறுபடி எடுத்தார், பாதியில் தொண்டை உடைந்தது. உடைந்த இடத்தில் உள்ளிருந்து ஒரு வறண்ட குரல் அந்த அடியைப் பிடித்துக்கொண்டது. பிறகு இன்னொன்று. பிறகு அத்தனை பிள்ளைகளும். அவர்களுக்கு நடுவே லூரீன்.

காவலாள் துப்பாக்கியைத் தூக்கிக் கத்தினான், யாரும் நிறுத்தவில்லை. சாலையில் போன வண்டிகள் நின்றன. மாலைக்குள் பெற்றோரும் பத்திரிகைக்காரர்களும் வந்து சேர, ஒளித்து வைக்க வழியின்றிக் கதவைத் திறந்துவிட்டார்கள்.

முதலில் பாடிய பிள்ளைக்கு முத்தம் கொடுக்க வேண்டும் என்றார் அம்மையார். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நாங்க யாருமே ஆரம்பிக்கலைம்மா," என்றாள் லூரீன். "கேட்டோம். அப்புறம்தான் பாடினோம்."

பிள்ளைகளோடு பூட்டுக்குள் தாகத்தோடு கிடந்த கர்த்தரையே வாய் திறக்க வைத்த ஒடெல்லா அம்மையாரின் பொறுமைக்கு நம் வணக்கம்.