திரும்ப வாங்க வேண்டிய பெல்ட்

அந்த இல்லத்தில் எதையும் எறிய மாட்டார்கள். சுவாமியின் ஒரே கட்டளை அது. கிழிந்த வேட்டி கரித்துணியாகும், கரித்துணி நைந்தால் விளக்குத் திரியாகும். சுவாமி தும்மினால் அதையும் மடித்து வைப்பார்கள் என்று ஊரில் கேலி உண்டு.

நடக்க முடியாதவர்கள் தங்கியிருந்த இல்லம். அவர்களைச் சக்கர நாற்காலியோடு ஏற்றிச் செல்ல ஒரு வேன் இருந்தது. அதை ஓட்டியவர் சுவாமியின் சீடர் வைகுந்தன். ஐம்பதைத் தாண்டியவர், அதிர்ந்து பேசாதவர்.

ஒருநாள் பெல்ட் கம்பெனியிலிருந்து போன் வந்தது. நாற்காலியில் இருப்பவரைப் பிடித்து வைக்கும் பெல்ட்டின் பக்கிளில் கோளாறாம். சட்டென்று பிரேக் போட்டால் திறந்துகொள்ளுமாம். புதிது அனுப்புகிறோம், பழையதை வெட்டி எறிந்துவிடுங்கள் என்றார்கள்.

புதிது வந்தது. வைகுந்தன் கத்தரியை எடுத்தார். மனசு வரவில்லை. பழைய பெல்ட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். நன்றாகத்தான் பிடித்தன. துவைத்துக் காயவைத்து, நாற்காலியில் இருப்பவரைக் கயிற்றால் கட்டி ஓட்டிக்கொண்டிருந்த மற்ற இல்லங்களுக்குக் கொடுத்தார்.

போன் வந்த விஷயம் சுவாமிக்கும் தெரியும். "நல்ல காரியம்" என்றார்.

அப்படிப் பெல்ட் வாங்கிய ஆற்றங்கரை இல்லத்தில் அஞ்சுகம் என்றொரு பெண், சக்கர நாற்காலியில் இருந்தபடியே பிள்ளைகளுக்குப் படம் வரையச் சொல்லிக்கொடுப்பவள். அவள் போன வேனுக்குக் குறுக்கே மாடு வந்தது. டிரைவர் பிரேக்கை மிதித்தார். மாடு பிழைத்தது.

அவளை அடக்கம் செய்துவிட்டு வந்த வைகுந்தன் சுவாமியின் முன்னால் விழுந்தார்.

"இந்தப் பாவத்தை எங்க போய்த் தீர்ப்பேன், சுவாமி?"

"மத்த பெல்ட்டெல்லாம் எங்க?"

வைகுந்தன் தலையைத் தூக்கினார். "வண்டிகள்ல இருக்கு."

"வண்டிகள் எங்க?"

"ஓடிட்டிருக்கும்."

"அப்ப இங்க படுத்து என்ன அழுகை? எழுந்திரு."

இருவரும் கிளம்பினார்கள். இல்லம் இல்லமாகப் போய், விஷயத்தைச் சொல்லி, பெல்ட்டைக் கழற்றினார்கள். ஓரிடத்திலும் யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது வைகுந்தனுக்கு.

"நாளைக்கு டயாலிசிஸுக்கு எதை வச்சுக் கட்டிக் கூட்டிட்டுப் போறது, சாமி?" என்று ஓரிடத்தில் கேட்டார்கள்.

கயிறுதான் என்பது எல்லோருக்கும் தெரியும்.

கடைசியாகச் சந்தனமேரி நடத்தும் இல்லம். அவள் கையைப் பிசைந்தாள்.

"எங்க வண்டிதான் பழுதாப் போச்சே, சாமி. பெல்ட்டைச் சும்மா வைக்க வேண்டாம்னு வேற ஒருத்தருக்குக் கொடுத்துட்டேன்."

"யாருக்கும்மா?"

"பேர் தெரியாது. அம்மாவைச் சக்கர நாற்காலியில தள்ளிட்டு வந்தார். வண்டியில ரொம்ப தூரம் போகணும், கட்ட ஒண்ணுமில்லேன்னார். எதையும் பாழாக்கக் கூடாதுன்னு நீங்கதானே சாமி சொல்வீங்க?"

சுவாமி அங்கேயே கத்தரி கேட்டு வாங்கினார். வாங்கி வந்த பெல்ட்டுகளைத் துண்டு துண்டாக வெட்டினார். கெட்டியான பட்டை. வைகுந்தன் உதவ வந்தபோது வேண்டாம் என்று தலையசைத்தார். துண்டுகளைக் குப்பைத் தொட்டியில் அவரே போட்டார்.

வேனில் ஏறியபின் வைகுந்தன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"அந்த ஒரு பெல்ட்டை எப்படித் தேடறது, சுவாமி? எங்கே இருக்குன்னுகூடத் தெரியலையே."

"கம்பெனிக்காரனுக்கு அவன் யார் யாருக்கு வித்தான்னு தெரிஞ்சுது. கூப்பிட்டுச் சொன்னான்."

சுவாமி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதையும் எறியாதேன்னு நான் யார் யாருக்குச் சொன்னேன்னு எனக்குத் தெரியாது, வைகுந்தா."