வெள்ளத்தில் போன வலம்புரி

முன்னொரு காலத்தில் ஆழிப்புத்தூர் என்கிற கடற்கரை நாட்டைப் பரிதிமாறன் என்றொரு ராசா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் சரியான சந்தேகப் பேர்வழி. சமையல்காரன் சிரித்தால் சோற்றில் விஷம் இருக்குமோ என்பான். சிரிக்காவிட்டால் ஏதோ சதி நடக்கிறது என்பான்.

அந்த நாட்டில் பேராச்சி என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் சுடலைமாடன் கடலில் முங்கிச் சங்கு எடுப்பவன். இருபது வருஷம் மூச்சடக்கி முங்கியவனுக்கு ஒருநாள் வலம்புரிச் சங்கு கிடைத்தது. லட்சத்தில் ஒன்றுதான் அப்படி வலப்பக்கம் சுழிக்கும். கிடைத்தால் மலைக்கோயிலுக்குத் தருவதாக அவன் வேண்டியிருந்தான். பேராச்சி அதை மூட்டையாகக் கட்டி, அரசாங்க அஞ்சலில் கொடுத்து அனுப்பினாள்.

ஒரு மாதம் போனது. "சங்கு வரவில்லை" என்று கோயிலிலிருந்து ஆள் வந்தது. ஊர் வாய் சும்மா இருக்குமா? "விற்றுத் தின்றிருப்பாள்" என்றது. கடைசியில் சுடலைமாடனே, "உண்மையைச் சொல்லு, நீ அனுப்பினியா?" என்று கேட்டுவிட்டான். அந்த ஒரு கேள்விதான் அவளை அரண்மனை வாசலுக்குத் துரத்தியது.

அஞ்சலுக்கு அதிகாரி மணவாளராயர். மந்திரி கூத்தபிரானின் நாற்காலி மேல் பல வருஷமாகக் கண் வைத்திருந்தவர். அவள் முறையிட்டதும் சபையில் வாய்விட்டுச் சிரித்தார்.

"மகாராசா, உப்பாற்று வெள்ளத்தில் ஒரு மூட்டை போனது உண்மைதான். ஆனால் அதில் வலம்புரி இருந்ததை யார் கண்டது? எங்கள் ஓலையில் 'மூட்டை ஒன்று' என்றுதான் இருக்கிறது. கல்லைக் கட்டிக் கொடுத்துவிட்டுச் சங்குக்கு ஈடு கேட்கிறாள். உப்பாற்றில் கல்லுக்கா பஞ்சம்? ஒன்றுக்கு இரண்டாக எடுத்துத் தருகிறேன்!"

சபை குலுங்கியது. ராசாவின் கண் பேராச்சி மேல் திரும்பியது. "ஏம்மா, கல்லா சங்கா?"

"சங்குதான் சாமி. நான் பொய் சொன்னா என்னைக் கடல் கொண்டுபோகட்டும்."

"எல்லாக் கள்ளரும் இப்படித்தான் சத்தியம் செய்கிறார்கள்" என்றான் ராசா.

அப்போது மந்திரி அவளைத் தூணோரம் அழைத்து, "மூட்டையில் சங்கைத் தவிர வேறு என்ன வைத்தாய்? எனக்கு மட்டும் சொல்" என்று மெதுவாகக் கேட்டார்.

பேராச்சி அவரை மேலும் கீழும் பார்த்தாள். அஞ்சல்காரரும் இப்படித்தானே இனிக்க இனிக்கப் பேசி வாங்கினார்! "ஒண்ணுமில்லைங்க சாமி" என்று சொல்லிவிட்டாள். ஒன்றை மட்டும் மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

மந்திரி லேசாகச் சிரித்தபடி ராசாவிடம் போனார். "அரசே, கல்லும் வேண்டாம், சங்கும் வேண்டாம். அந்த மூட்டையில் எதிரி ராசாவுக்கு ஒரு ரகசிய ஓலை இருந்திருந்தால்?"

ராசா சிம்மாசனத்திலிருந்து துள்ளி எழுந்தான். "ஐயோ! இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை? இவளைப் பிடித்துக் காவலில் வையுங்கள்! நாளைக்கே அஞ்சல் சாவடிகளையும், அதிகாரி வீடு உட்பட அஞ்சல்காரர் வீடுகள் எல்லாவற்றையும் தோண்டித் தேடுங்கள்!"

உதவ வந்தவர் போல நடித்து மந்திரி தன் கழுத்தில் கயிறு போட்டுவிட்டாரே என்று பேராச்சி காவல் அறையில் பல்லைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலையிலேயே மணவாளராயர் மூச்சிரைக்க ஓடிவந்தார். கையில் தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு மூட்டை. பேராச்சியையும் கூட்டிவந்தார்கள்.

"அரசே, கிடைத்துவிட்டது! உப்பாற்றுக் கோரையில் சிக்கி ஒரு மாதமாய் நீருக்குள்ளேயே கிடந்திருக்கிறது. வலைக்காரர்கள் இப்போதுதான் எடுத்தார்கள். ஓலை கீலை எதுவும் இல்லை. சங்குதான். பாவம், அவள் சொன்னது நிசம்."

மூட்டையை அவிழ்த்தார்கள். வலம்புரி பாலாய் மின்னியது. ராசா மகிழ்ந்துபோய், "ராயருக்குப் பட்டுச் சால்வை கொண்டுவாருங்கள்!" என்றான். மந்திரி பேராச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சால்வையைக் கொஞ்சம் நிறுத்துங்க சாமி" என்றாள் பேராச்சி. "அந்தச் சங்கோட வயித்துக்குள்ள விரலை விட்டுப் பாருங்க."

காவலன் விரலை விட்டான். உள்ளே ஒரு துணி முடிச்சு இருந்தது. அதற்குள் ஒரு கைப்பிடி கற்கண்டு, ஓரத்தில் மட்டும் லேசாகக் கசிந்திருந்தது.

"சாமிக்கு முதல் பூசையில படைக்கட்டும்னு நான் வச்சது. யார்கிட்டயும் சொல்லல. நம்பி வாய் திறக்க யார் இருந்தா எனக்கு?"

ராசா ஒரு கட்டியை எடுத்தான். வாயருகே கொண்டுபோனவன், வழக்கம்போல் சந்தேகப்பட்டு நிறுத்தினான். "ராயரே, முதலில் நீர் தின்னும்."

ராயர் வாயில் போட்டார்.

"எப்படி இருக்கிறது?"

"இ... இனிப்பாக இருக்கிறது அரசே."

"ஒரு மாதம் ஆற்றுக்குள் கிடந்த கற்கண்டு கரையாமல் இனிக்கிறதோ?"

ராயர் தலைப்பாகையைக் கழற்றிவிட்டுத் தரையில் விழுந்தார். வீட்டைத் தோண்டுவார்கள் என்று பயந்து, நெற்குதிரில் ஒளித்துவைத்த மூட்டையை விடியற்காலையில் கிணற்றில் முக்கி எடுத்ததை அவரே ஒப்புக்கொண்டார். அந்தப் பயத்தைக் கிளப்பத்தான் மந்திரி ரகசிய ஓலைக் கதையைக் கட்டினார் என்பது பேராச்சிக்கு அப்போதுதான் புரிந்தது.

ராசா பேராச்சியைப் பார்க்கக் கூசினான். "உன்னைச் சந்தேகப்பட்டேன் தாயே. என்ன ஈடு வேண்டும், கேள்."

"ஒரு மாசம் ஊரு என்னைத் திருடின்னுச்சு. கட்டினவனே என் முகத்தைப் பார்க்கல. அதுக்கு என்ன ஈடுன்னு எனக்குத் தெரியல சாமி. ஆனா இனிமே யாரு மூட்டை கொடுத்தாலும், பிரிச்சுப் பார்த்து, உள்ள இருக்கிறதை எழுதி, கையில ஓலை கொடுக்கணும்."

"அப்படியே ஆகட்டும். சங்கு என் பல்லக்கில் கோயிலுக்குப் போகும். நடந்ததை உன் ஊரில் பறையறைந்து சொல்வார்கள்" என்ற ராசா, ராயர் பக்கம் திரும்பினான். "ஒன்றுக்கு இரண்டாகத் தருவதாகச் சொன்னது நீர்தானே? இன்னொரு வலம்புரி கிடைக்கும்வரை சுடலைமாடன் படகில், முங்குகிறவர்களை மேலே தூக்கும் கயிற்றை இழுத்துக்கொண்டிரும்."

அவளைத் தேடி அரண்மனை வாசலுக்கே வந்துவிட்ட சுடலைமாடன், செய்தி கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். "நான் கேட்டிருக்கக் கூடாது" என்றான். வீடு போய்ச் சேர்ந்ததும் பேராச்சி அவனுக்குச் சோறு மட்டும் போட்டாள்.

மறுவாரம் முதல் ராயர் படகில் கயிறு இழுத்தார். சாயங்காலம் அவர் கரையேறும்போதெல்லாம், பேராச்சி முன்னால் போய் நின்று, மடியை உதறிக் காட்டச் சொல்லிப் பார்த்த பிறகுதான் வழி விட்டாளாம்.