மெற்றில்டா என்ன சொன்னாள்?

"என்கிட்ட படிக்கிறவங்க நல்லா எழுதுறாங்க. நல்லா வாசிக்கிறாங்க. வாயைத் திறக்க மட்டும் மாட்டேங்கிறாங்க" என்றார் ஞானசிகாமணி.

ஃபௌசியா கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"இலக்கணம் எல்லாம் தெரியும் டீச்சர். கேட்டா தூக்கத்துலகூட சொல்லுவாங்க. ஆனா பேசச் சொன்னா தரையைப் பாக்கிறாங்க."

"உக்காருங்க சார்."

உட்கார்ந்தார்.

ஞானசிகாமணிக்கு ஐம்பத்தாறு வயது. நாகர்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்தெட்டு வருடம் ஆங்கிலம் நடத்தியவர். இப்போது வெளிநாடு போக விரும்பும் நர்சுகளுக்குப் பேச்சு ஆங்கில வகுப்பு எடுக்கிறார்.

ஃபௌசியாவுக்கு முப்பத்துநான்கு. கடற்கரை ஊர் ஒன்றில், ஐஸ் பிளாண்டின் மாடியில், மீனவப் பெண்களுக்கு வகுப்பு எடுக்கிறவர். அவரிடம் போனவர்கள் நான்கே மாதத்தில் பேசுகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு.

தன்னைவிட இருபத்திரண்டு வயது இளையவரிடம் கேட்கப் போவதா என்று ஞானசிகாமணி ஒரு மாதம் யோசித்தார். தன் மாணவி ரெக்ஸ்லின் தேர்வில் தோற்ற பிறகு யோசிக்கவில்லை. பஸ் ஏறிவிட்டார்.

"ரெக்ஸ்லின்னு ஒரு பொண்ணு" என்றார். "என் வகுப்புலயே அவதான் முதல். பேச்சுத் தேர்வுக்குப் போனா. பன்னிரண்டு நிமிஷம் அந்த அறைக்குள்ள இருந்திருக்கா. ஒரு வார்த்தை வரல்ல."

"ஏனாம்?"

"சொல்லல்ல. வகுப்புக்கு வர்றதையும் நிறுத்திட்டா."

ஃபௌசியா கையில் இருந்த துணியை உதறினார்.

"நாளைக்கு மூணு மணிக்கு வாங்க. பின்னால உக்காருங்க. பேச வேண்டாம்."

*

மறுநாள் வகுப்பில் பதினான்கு பெண்கள் இருந்தார்கள். பலருடைய கணவர்கள் வளைகுடாவில் படகு வேலை செய்கிறவர்கள்.

ஃபௌசியா பாடம் எதுவும் தொடங்கவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

மெற்றில்டா என்கிற பெண் எழுந்தாள். நாற்பது வயது இருக்கும். ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தாள்.

ஞானசிகாமணியின் பேனாவும் ஆரம்பித்தது.

முதல் வாக்கியத்தில் இறந்த காலம் தவறு. இரண்டாவதில் எழுவாயே இல்லை. மூன்றாவதில் வினைச்சொல்லே இல்லை. பிறகு வந்த ஒரு வாக்கியம் முடியவே இல்லை.

நடுவில் ஒரு இடத்தில் வகுப்பு மிகவும் அமைதியானது. பக்கத்தில் இருந்தவள் மெற்றில்டாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஞானசிகாமணி நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்தார். பன்மை வடிவம் ஒன்று தவறிப் போயிருந்தது.

ஃபௌசியா எதையும் திருத்தவில்லை. அவ்வப்போது ஆங்கிலத்தில் ஏதோ சின்னதாகக் கேட்டார். மெற்றில்டா மேலும் பேசினாள்.

வகுப்பு முடிந்தது. எல்லோரும் போனார்கள்.

"மெற்றில்டா என்ன சொன்னா சார்?" என்று கேட்டார் ஃபௌசியா.

ஞானசிகாமணி நோட்டைத் திறந்தார். "மொத்தம் பத்தொன்பது பிழை. 'கோ'ன்னு சொன்னா. 'வென்ட்'னு வரணும். 'டூ சண்டே'ன்னா. அதுக்கு..."

"அது எப்படிச் சொன்னாங்கிறது. என்ன சொன்னா?"

ஞானசிகாமணி பக்கத்தைப் புரட்டினார். திரும்பவும் முன்பக்கத்துக்கு வந்தார். பத்தொன்பது பிழைகளும் வரிசையாக இருந்தன. அவற்றுக்கு நடுவே எங்கேயும் மெற்றில்டா இல்லை.

"ஏதோ... கணவரைப் பத்தி" என்றார்.

ஃபௌசியா காத்திருந்தார்.

"தெரியல்ல டீச்சர்."

"எனக்குத் தெரியும். ஆனா நான் சொல்ல மாட்டேன். அவகிட்டயே கேளுங்க."

*

மறுநாள் மெற்றில்டா ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தாள்.

"வகுப்புல நீ என்னம்மா சொன்னே?" என்று கேட்டார் ஞானசிகாமணி.

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க அங்கதானே சார் இருந்தீங்க."

"இருந்தேன். கேக்கல்ல."

வரிசை ஓரடி நகர்ந்தது. அவளும் நகர்ந்தாள்.

"தமிழ்லயே சொல்லும்மா. பரவாயில்ல."

"தமிழ்ல சொல்ல முடியாது சார்."

"ஏன்?"

"அழுதுருவேன். வீட்டுல மாமியார் இருக்காங்க, பிள்ளைங்க இருக்காங்க. நான் அழுதா எல்லாம் உடைஞ்சு போவும். இங்கிலீஷ்ல எனக்குக் கொஞ்சம் வார்த்தைதான் தெரியும். அடுத்த வார்த்தை எதுன்னு தேடிட்டே இருப்பேன். அழுகைக்கு நேரம் கிடையாது."

பிறகு, அந்த வரிசையிலேயே, அரிசிப் பையைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் மறுபடியும் ஆங்கிலத்தில் சொன்னாள்.

"மை ஹஸ்பண்ட் கோ சீ. எவ்ரி சண்டே கால் மீ. டூ சண்டே, நோ கால்."

திருத்தம் சொல்ல ஞானசிகாமணியின் உதடு அசைந்தது. அவர் அதைக் கடித்துக்கொண்டார்.

"ஐ கால். ஹிஸ் போன் டெட். போன் டெட், ஓகே. மை ஹஸ்பண்ட்..."

அந்த இடத்தில் அவள் நிறுத்தினாள். நேற்று முடியாமல் நின்ற வாக்கியம் இதுதான் என்று அவருக்குப் புரிந்தது. அதை முடிப்பதற்கு அவளுக்கு வார்த்தை தெரியாமல் இல்லை.

மீதியையும் சொன்னாள். கணவன் பெயர் அருளப்பன். படகுக் கம்பெனியின் அலுவலக நம்பர் ஒன்று கிடைத்திருக்கிறது. அங்கே போன் எடுக்கிறவருக்குத் தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது. நாளைக்கு வகுப்பில் வைத்துப் பேசப் போகிறாள்.

"நான் எழுதித் தரட்டுமா? அப்படியே வாசிச்சிரலாம்" என்றார் ஞானசிகாமணி.

அவள் முகம் மலர்ந்தது. "எழுதித் தாங்க சார்."

*

ஒன்பது வாக்கியங்கள். மதிப்புக்குரிய ஐயா என்று தொடங்கி, தங்கள் உதவிக்கு என்றும் கடமைப்பட்டிருப்பேன் என்று முடிந்தது. ஞானசிகாமணி வாழ்க்கையில் எழுதிய ஆங்கிலத்திலேயே அதுதான் மிகச் சுத்தமானது. அன்று மாலை முழுக்க உட்கார்ந்து எழுதினார்.

மறுநாள் வகுப்பில் ஃபௌசியா அதை வாசித்துப் பார்த்தார். "ரொம்ப நல்லா இருக்குது சார்" என்றார். உண்மையாகவே சொன்னார்.

மெற்றில்டா நம்பரைப் போட்டாள். போனை மேசையில் வைத்து, சத்தத்தைக் கூட்டினாள். மற்ற பதிமூன்று பெண்களும் மேசையைச் சுற்றி நின்றார்கள்.

ஒரு ஆண் குரல் எடுத்தது.

மெற்றில்டா வாசித்தாள். முதல் வாக்கியம். இரண்டாவது. மூன்றாவது பாதியில் அந்தக் குரல் குறுக்கிட்டது.

"விச் போட்?"

அது தாளில் இல்லை.

மெற்றில்டாவின் விரல் வரிவரியாகக் கீழே இறங்கியது. கடைசி வரிக்குப் போய், மேலே வந்தது. மறுபடி இறங்கியது.

"ஹலோ? விச் போட்?"

ஞானசிகாமணி எழுந்தார். சுத்தமான பதில் வாக்கியம் ஒன்று அவர் நாக்கு நுனியில் இருந்தது. ஃபௌசியா அவரைப் பார்க்காமலே உள்ளங்கையை அவர் பக்கம் நீட்டினார்.

அவர் நின்றார்.

ஃபௌசியா மெற்றில்டாவிடம் போய், அவள் கையிலிருந்த தாளை மெல்ல உருவிக்கொண்டார். வேறு ஒன்றும் செய்யவில்லை.

மெற்றில்டா வெறும் கையைப் பார்த்தாள். பிறகு போனைப் பார்த்தாள்.

"போட் நம்பர், ஐ டோன்ட் நோ" என்றாள். "போட் ப்ளூ. எயிட் மேன். ஒன் மேன், ரைட் ஹேண்ட், நோ திஸ் ஃபிங்கர்."

அந்தப் பக்கத்துக்கு எந்த விரல் என்று தெரிய வழியில்லை. ஆனாலும் அவள் தன் சுட்டுவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

"தட் மேன் மை ஹஸ்பண்ட். யூ கிவ் ஜாப். யூ சீ ஹிஸ் ஹேண்ட். யூ நோ ஹிம்."

அந்தப் பக்கம் ஏதோ காகிதம் புரண்டது.

"யூ நோ ஹிம்" என்றாள் மறுபடியும்.

"யெஸ்" என்றது குரல். முன்பிருந்த அவசரம் அதில் இல்லை. "யெஸ், சிஸ்டர். ஐ நோ."

அந்த மனிதர் மெதுவாகச் சொன்னார். சின்னச் சின்ன வார்த்தைகளாகப் பொறுக்கி எடுத்துச் சொன்னார். எஞ்சின் நின்றுவிட்டது. காற்று படகை இழுத்துக்கொண்டு போனது. பக்கத்து நாட்டுக் கடற்படை எட்டுப் பேரையும் கரை சேர்த்தது. போன்கள் எல்லாம் அவர்களிடம் இருக்கின்றன. விசாரணை முடிந்தால் விட்டுவிடுவார்கள்.

"ஆல் அலைவ்?"

"ஆல் அலைவ்."

"சே ஹிஸ் நேம்."

"சிஸ்டர்?"

"சே ஹிஸ் நேம். அருளப்பன்."

"அருளப்பன் அலைவ்" என்றது குரல்.

"சே அகெய்ன்."

அவர் மறுபடியும் சொன்னார்.

"ஐ வான்ட் வாய்ஸ்" என்றாள் மெற்றில்டா.

"டுமாரோ, சிஸ்டர்."

"நோ. டுடே."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. "ஓகே. டுடே. ஐ ட்ரை."

ஐந்தரை மணிக்கு அழைப்பு வந்தது. யாரும் வீட்டுக்குப் போயிருக்கவில்லை. மெற்றில்டா போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போனாள்.

அந்த அழைப்பில் அவள் தமிழ் பேசினாள். மாடி வரைக்கும் கேட்டது.

*

ஞானசிகாமணி ஜன்னல் பக்கம் நின்றிருந்தார். அவர் எழுதிய தாள் மேசைமேல் கிடந்தது.

"அப்ப இருபத்தெட்டு வருஷம் நான் நடத்தினது?" என்று கேட்டார்.

ஃபௌசியா பதில் சொல்வதற்குள் மெற்றில்டா உள்ளே வந்தாள். கண்கள் சிவந்திருந்தன. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். நேராக ஃபௌசியாவிடம் வந்தாள்.

"டீச்சர், அவரு திரும்பி வந்துட்டா, 'மை ஹஸ்பண்ட் கோ சீ'ன்னு சொல்லலாமா? அது முடிஞ்சு போன விஷயம்லா. அதுக்கு வேற வார்த்தை இருக்குதா?"

"எனக்குச் சரியாச் சொல்ல வராது" என்றார் ஃபௌசியா. "சார்ட்ட கேளு."

மெற்றில்டா அவர் பக்கம் திரும்பினாள்.

ஞானசிகாமணி அந்தக் கேள்வியை ஆயிரம் தடவை எதிர்கொண்டவர். ஆனால் இப்போதுதான் அதைத் தனக்கு வேண்டுமென்று ஒருவர் அவரிடம் கேட்டிருக்கிறார் என்று தோன்றியது.

"இருக்குதும்மா" என்றார். "வென்ட்."

"வென்ட்" என்றாள் மெற்றில்டா. "மை ஹஸ்பண்ட் வென்ட் டு சீ."

அவர் சொல்லித்தராத ஒரு சொல்லையும் தானே சேர்த்துக்கொண்டாள்.

*

இரண்டு நாள் கழித்து ஞானசிகாமணி ரெக்ஸ்லினைப் பார்க்கப் போனார். அவள் தக்கலையில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை செய்தாள். பகல் டூட்டி முடிந்து வெளியே வந்தவள், அவரைக் கண்டதும் நின்றுவிட்டாள்.

"சாரி சார்" என்றாள். "உங்க பேரைக் கெடுத்துட்டேன்."

"டீ குடிக்கலாமா?"

கேண்டீனில் உட்கார்ந்தார்கள். டீ வந்தது. இரண்டு பேரும் குடிக்கவில்லை.

"அந்த அறையில் என்ன நடந்தது?" என்று ஞானசிகாமணி ஆங்கிலத்தில் கேட்டார்.

ரெக்ஸ்லின் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவர் கைகளைப் பார்த்தாள். பேனா இல்லை. ஆங்கிலத்திலேயே பேச ஆரம்பித்தாள்.

"இப்போது உன்னோடு இல்லாத ஒருவரைப் பற்றிச் சொல் என்று கேட்டார்கள், சார்."

"ம்."

"எனக்கு உடனே ஒருவர் ஞாபகம் வந்தார். எங்கள் வார்டில் ஏழாம் படுக்கையில் இருந்த பெரியவர். சொந்தக்காரர் யாரும் வந்ததில்லை. ஆஸ்பத்திரியில் தருகிற பிஸ்கட்டில் ஒன்றை எடுத்துத் தலையணைக்குக் கீழே வைத்திருப்பார். நான் டூட்டிக்கு வந்ததும் தருவார். ஐம்பத்தொரு நாள். ஒருநாள்கூட மறக்கவில்லை."

அவள் வாக்கியங்கள் எல்லாம் சரியாக இருந்தன. இருந்தனவா என்று ஞானசிகாமணி கவனிக்கவில்லை.

"நான் லீவில் இருந்த நாளில் இறந்துபோனார். அவரைப் பற்றித்தான் சொல்ல நினைத்தேன். வாயைத் திறந்தேன். அப்போது ஒரு சந்தேகம் வந்தது."

"என்ன சந்தேகம்?"

"ஹி ஹேஸ் டைடா, ஹி ஹேட் டைடா என்று. உங்கள் வகுப்பில் நோட்டில் எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கம் கண்ணுக்குத் தெரிகிறது. எழுத்து தெரியவில்லை. தப்பாகச் சொல்லிவிடக் கூடாது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். அப்புறம் அவர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். எனக்கு எதுவுமே வரவில்லை."

டீயின் மேல் ஆடை படிந்திருந்தது.

"எது சார் சரி?" என்று கேட்டாள் ரெக்ஸ்லின்.

அவருக்குத் தெரியும். இரண்டுமே அங்கே பொருந்தாது. சரியான சொல் அவர் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

"அவர் பேர் என்ன?" என்று கேட்டார் ஞானசிகாமணி.